நான்கு பண்டிதர்களும் ஒரு பரிசலும்

"எந்தப் பண்டிதர் சொல்வது சரி, அம்மா?" என்று கேட்டார் கோடிலிங்கம்.

ஆற்றங்கரை மடத்தில் அவர்தான் மூத்த சீடர். குரு செங்கமலத்தம்மையைவிடப் பத்து வயது பெரியவர்.

"பரிசும் தண்டனையும் இருந்தால் பாடம் ஏறும் என்கிறார் ஒருவர். பிறரைப் பார்த்துச் செய்தால்தான் ஏறும் என்கிறார் இன்னொருவர். காரணம் புரிய வேண்டும் என்பது மூன்றாமவர் கட்சி. நான்காமவரோ, சும்மா விடு, தட்டுத்தடுமாறித் தானே கற்கட்டும் என்கிறார்."

"இன்றைக்கு ஏன் இந்தக் கவலை?"

"அக்கரைப் பிள்ளைகளுக்கு மறுபடி எழுத்துச் சொல்லித்தரப் போகிறேன். போன வருஷம் பன்னிரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். இவர்களும் ஓடினால்..."

"போன வருஷம் என்ன செய்தீர்கள்?"

"ஓர் எழுத்துக்கு ஒரு கடலை உருண்டை. தப்புக்கு ஒரு குட்டு."

"உருண்டை?"

"மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது."

"குட்டு?"

"அது தீரவில்லை."

அம்மை எழுந்தார். "புறப்படுங்கள். பரிசலை நீங்களே ஓட்டுங்கள்."

"நானா? துடுப்பைத் தொட்டதே இல்லையே!"

இருவரும் ஏறினார்கள். கோடிலிங்கம் துடுப்பை வலப்பக்கம் தள்ளினார். பரிசல் ஆட்டுக்கல் குழவி போலச் சுற்றியது. இடப்பக்கம் தள்ளினார். மறுபுறம் சுற்றியது.

அம்மை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சுற்றில் கோடிலிங்கத்தின் முகம் வெளுத்தது. அம்மை துடுப்பை வாங்கி, இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அவரும் இழுத்தார். அப்படியும் சுற்றியது. புருவம் சுருங்கியது.

"பக்கத்தில் தள்ளினால் வட்டப் பரிசல் சுற்றத்தான் செய்யும். முன்னால் குத்தி, உங்களை நோக்கி இழுங்கள்."

நேராகப் போனது.

"சபாஷ்!"

கோடிலிங்கத்துக்குக் காதுவரை சிரிப்பு. கரை நெருங்கும்போதுதான் உறைத்தது.

"அம்மா, நாலு பேர் சொன்னதையும் செய்துவிட்டீர்களே! எப்போது எதைச் செய்வது என்று யார் சொன்னது?"

"நீங்கள்தான்."

"நான் வாயே திறக்கவில்லை!"

"முகத்தை மூடவில்லையே."

பரிசல் கரை தட்டியது. ஏழு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கோடிலிங்கம் இறங்கி, முன்னால் நின்ற சிறுமியின் எதிரே குந்தினார்.

"என்ன பாப்பா, முகம் வாடியிருக்கு?"

"எனக்கு எழுத்து வராதோன்னு பயமா இருக்கு, ஐயா."

"அட, எனக்கும் காலையிலிருந்து அதே பயம்தான்!" என்று வாய்விட்டுச் சிரித்தார் கோடிலிங்கம்.