எல்லாம் பத்திரமாக இருக்கிறது

நாமக்கல் பக்கம் சென்னியப்பன் என்று ஒரு லாரி முதலாளி. அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஒரு குரு உண்டு. மலையடிவாரத்து மடத்தில் இருக்கிற சாமி, இவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் சாமி முன்னால் சென்னியப்பன் தரையில்தான் உட்காருவார்.

அன்றைக்குச் சாமி மடத்துச் சமையலுக்குக் கத்தியால் புளியைக் கீறிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க முதலாளி. கேஸ் முடிஞ்சதாமே?"

"முடிஞ்சதுங்க சாமி. என் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. பேக்கப்தானுங்க காப்பாத்துச்சு."

வண்டி விஷயமாக யார் என்ன அனுப்பினாலும் அழிக்கக் கூடாது என்பது சென்னியப்பன் ஆபீசில் சட்டம். பொழுது சாய்ந்தால் மெசேஜ், குரல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு நகல் வீட்டு பீரோவில். இன்னொன்று வக்கீல் கையில்.

போன வருசம் அவருடைய டிரைவர் குழந்தைவேல், வடக்கே இருந்து வெங்காயம் ஏற்றி வரும்போது பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். டிரைவரைத் தூங்கவிடாமல் ஓட்ட வைத்தார் என்று முதலாளி மேல் கேஸ். சென்னியப்பன் போனை எடுத்து நீட்டினார். தூங்கச் சொல்லி அவர் அனுப்பிய மெசேஜ் அதில் இருந்தது. அதோடு கேஸ் படுத்துவிட்டது.

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்குது?"

"அவன் சம்சாரம் பாவாயி வந்துதுங்க. அவன் போன் வண்டியோட நசுங்கிப் போச்சு. 'அவரு குரலு மறந்துட்டு வருதுங்க ஓனரே, உங்ககிட்ட இருக்குதாமே, குடுங்க'ன்னு கேக்குது. வக்கீல் குடுக்காதீங்கங்கறார். நான் நல்லதா நாலு குரலை மட்டும் எடுத்துக் குடுத்தரலாமான்னு பாக்கறேன். சாமி என்ன சொல்றீங்க?"

"போடுங்க, நானும் கேக்கறேன்."

சென்னியப்பன் போனைத் தட்டினார். செத்தவன் பேசினான்.

"ஓனருங்க, சரக்கு ஏத்தியாச்சுங்க. தார்ப்பாயும் கட்டிட்டேன்."

"சரி சரி, நேரத்தோட கெளம்பு." இது சென்னியப்பன் குரல்.

"ஓனருங்க, இந்த ஊர்ல டீக்குச் சக்கரையக் கரண்டில போடலீங்க, மம்பட்டில அள்ளிப் போடறானுங்க."

சாமி சிரித்துவிட்டார். சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது, அடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியுமே.

"ஓனருங்க, நேத்திருந்து கண்ணு மூடலீங்க. எரியுது. ஓரங்கட்டிப் படுத்துட்டு எடுக்கட்டுங்களா?"

அதற்குப் பிறகு குரல் இல்லை. ஒரே ஒரு மெசேஜ், எழுத்தில். சென்னியப்பனே வாசித்தார்: "தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்தித் தூங்கவும். உயிர்தான் முக்கியம்."

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் சாமி. "மத்ததுக்கெல்லாம் வாயாலதானே பதில் சொன்னீங்க. இதுக்கு மட்டும் ஏன் எழுத்து?"

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"குழந்தைவேலுக்குப் படிக்க வருமா?"

"கையெழுத்துப் போடுவானுங்க. மத்தபடி... அதான் டிரைவருங்க எல்லாம் குரல்லயே அனுப்புவாங்க."

"அப்ப இந்த எழுத்து யாருக்கு?"

சாமி ஒரு புளியங்கொட்டையைச் சுண்டித் தள்ளினார்.

"கண்ணு எரியுதுன்னான். எழுத்து வந்துது. நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

"கூப்பிட்டுப் பேசினேனுங்க."

"அதையும் போடுங்க."

"பேசினது பதிவாகாதுங்க சாமி."

"ஆமா. அது உங்களுக்கு அப்பவே தெரியும்."

பதிவாகாமல் என்ன? சென்னியப்பன் காதில் அது அன்றைக்கிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. "படுக்கறதெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்துக்கலாம். இப்ப வண்டிய எடுடா." போனை வைத்த கையோடு அந்த மெசேஜை அடித்தார். எல்லா முதலாளியும் செய்கிறதுதான். வாயால் ஒன்று, எழுத்தில் ஒன்று. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

மறுநாள் குழந்தைவேல் வீட்டுக்கு வந்து படுத்துத்தான் இருந்தான். வாசலில், பெஞ்சின் மேல்.

"நான் ஏதும் பொய்யா சேத்து வைக்கலீங்க சாமி," என்றார் சென்னியப்பன். "உள்ளது உள்ளபடிதான் இருக்குது."

"இருக்குது. யார் இல்லைன்னா?" சாமி கத்தியைக் கீழே வைத்தார். "பாவாயிக்குப் படிக்க வருமா?"

"அதுக்கும் வராதுங்க."

"நாலு குரல் எதுக்கு? முழுசையும் கொண்டுபோய்க் குடுங்க. அவன் குரலை அந்தப் புள்ள கேட்டுக்கும். அந்த எழுத்தை மட்டும் நீங்க எதிர்ல உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சு முடிச்சா, 'எங்கூட்டுக்காரருக்குத்தான் படிக்கத் தெரியாதே, இதை யாருக்குங்க அனுப்புனீங்க'ன்னு கேக்கும். என்கிட்டச் சொல்லாத பதிலை அங்க சொல்லிட்டு வாங்க."

சென்னியப்பன் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதில் வெளிச்சம் அணைந்தது. அவர் மறுபடி தொடவில்லை.