ராஜாவின் கழுத்தில் ஒரு கோடு

முன்னொரு காலத்தில் ஆழிமங்கலத்தைத் தீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். சிரித்துக்கொண்டே தலையை எடுப்பவன். மீசையை நெல்லளவு கூடுதலாக ஒதுக்கிய நாவிதனுக்கு அன்றைக்கே விரல் போயிற்று.

அப்பேர்ப்பட்டவன் முன்னால்தான் மாடக்கண்ணு ஆசாரி வெடவெடத்து நின்றான். காலணாப் புத்தகங்களுக்கு மரக்கட்டையில் படம் செதுக்குவது அவன் பிழைப்பு. அவன் படம் போட்ட ராஜா கதை சந்தையில் கூடை கூடையாகப் போயிற்று. அரசவைப் புலவர் சபாநாதரின் காவியத்தைச் சீண்டுவாரில்லை. புலவருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, இந்தப் புத்தகத்தைப் பாருங்கள்! தங்கள் படத்தில் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு. தூக்குக் கயிறு! இதோ, இவன் கட்டை. மூன்று நாளாக என் வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறது. கழுத்தில் வெட்டு இருக்கிறதா, இல்லையா?"

இருந்தது. ராஜா சிரித்தான்.

"எந்தக் கையடா செதுக்கிய கை?"

மாடக்கண்ணு வலது கையை நீட்டினான். சேவகன் அரிவாளைத் துடைத்தான். அப்போதுதான் கட்டையிலிருந்த வெட்டை மாடக்கண்ணு சரியாகப் பார்த்தான்.

"சாமி... கை போகிறதுக்கு முன்னே ஒரே ஒரு தடவை இதை அச்சுப் போட்டுப் பார்க்கணும்."

"தப்பிக்கப் பார்க்கிறான்!" என்றார் புலவர்.

"எங்கே ஓடிவிடுவான்? மை கொண்டுவா," என்றான் ராஜா.

மாடக்கண்ணு மையை வாங்கினான். கட்டையில் மை தடவி, காகிதம் வைத்துத் தேய்த்து எடுத்தான். காகிதத்தில் கிரீடம் விழுந்தது, மீசை விழுந்தது. கழுத்து மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கோடு எங்கே?"

"மேடுதான் சாமி கறுப்பாக விழும். வெட்டின பள்ளத்தில் மை ஏறாது. இந்த வெட்டைப் போட்டவருக்கு அது தெரியவில்லை. புத்தகத்திலுள்ள கோடு பேனா மை, அச்சு மை மாதிரி ஈரத்துக்கு நிற்காது. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்."

ராஜா விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். கயிறு கலைந்தது. அச்சிட்ட மீசை அப்படியே நின்றது.

ராஜா மறுபடியும் சிரித்தான். "புலவரே, எழுதுகிற கை எது?"

சபாநாதர் தடாலென்று காலில் விழுந்தார்.

"உன் கையைக் கேட்டவர் இவர், ஆசாரி. என்ன செய்யலாம்?" என்றான் ராஜா.

"கை இருக்கட்டும் சாமி. ஒரு வருஷம் சந்தையில் உட்கார்ந்து என் புத்தகத்தைக் கூவி விற்கட்டும். வாங்குகிறவர்களுக்குத் தம் காவியத்தை இனாமாகக் கொடுக்கட்டும்."

"இனாமாகவும் வேண்டாமென்றால்?"

"உரக்கப் படித்துக் காட்டட்டும்."

சபை குலுங்கியது. ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றி அந்த வலது கையில் போட்டான்.

காப்பு கனத்தது, நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மாடக்கண்ணு செதுக்கிய எந்த ராஜாவுக்கும் கழுத்தே தெரியாது. எல்லோருக்கும் மார்புவரை தாடி.