கேட்காத கேள்விக்குப் பதில்

ஜெபசீலிக்கு எல்லாக் கேள்வியும் கேட்க வரும், ஒன்றைத் தவிர.

மருத்துவ உளவியல் மேற்படிப்புக்காரி. பயிற்சிக்கென்று அந்த அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்திருந்தாள். நோயாளியை உட்கார வைத்துப் பேச வேண்டும். நினைவாற்றல் சோதனை, படம் போட்ட அட்டைகள் எல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பயிற்சியை மேற்பார்க்கும் ரஹீமா மேடத்திடம் போய், கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்ச் பிடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

ஆனால் 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' என்று ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் பாருங்கள், அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோபித்துக்கொள்வாரோ? சும்மா இருந்தவருக்கு நாமே எடுத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடுமோ? இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. 'ஆமா' என்று சொல்லிவிட்டால்?

கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று பாடத்தில் இருக்கிறது. அதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள். பயத்துக்குப் பாடம் தெரியுமா என்ன!

அன்று காலை சங்கரபாண்டி வந்தார். பஸ் கண்டக்டர். நிறுத்தம் வந்தால் விசில் அடிக்க மறந்துவிடுகிறார் என்று டிப்போவில் புகார். மனநல டாக்டர் பார்த்துவிட்டு, ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஜெபசீலியிடம் அனுப்பியிருந்தார்.

எண்களைச் சொன்னாள். நேராகச் சொன்னார், தலைகீழாகவும் சொன்னார். கதை ஒன்றைப் படித்துக் காட்டினாள், பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் விசில் மறக்கிறது? அவளுக்குப் பிடிபடவில்லை.

படத்தை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"போதும் தாயி. இதையெல்லாம் தெரிஞ்சு இனிமே என்ன ஆகப்போவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது கேட்க வேண்டும் என்று ஜெபசீலிக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தாள்.

"அடுத்த படம் பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் போன பிறகு மேடத்தின் அறைக்குப் போனாள். ரஹீமா மேடத்துக்கு ஜெபசீலியைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். அதட்டிப் பேச மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் நடுக்கம்.

ஜெபசீலி மடமடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். கவனம் நன்று. ஞாபகம் நன்று. தூக்கம் குறைவு. பசி இல்லை.

"தற்கொலை எண்ணம்?"

"மறுக்கிறார் மேடம்."

அந்தப் பிரிவில் அது ஒரு பழகிப்போன சொல். சீனியர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். பசி இல்லை, தூக்கம் இல்லை, தற்கொலை எண்ணத்தை மறுக்கிறார். ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

"எப்படி மறுத்தார்?"

"இல்லைன்னு சொன்னார் மேடம்."

"அவர் சொன்னதை அப்படியே சொல்லு."

ஜெபசீலி பொய்க்கு வார்த்தை தேடினாள், அகப்படவில்லை.

"நீ கேட்டியா?"

"கேட்கலை மேடம்."

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தலையைக் குனிந்தாள். திட்டு விழவில்லை. நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது. மேடம் எழுந்துவிட்டிருந்தார்.

"யார் கூட வந்தார்?"

"தனியாத்தான்."

"இப்போ எங்கே?"

"வீட்டுக்குப் போறேன்னார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

மேடம் அவர் நம்பருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார். ஜெபசீலி பின்னால் ஓடினாள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் அவர் இல்லை. சீட்டுப் பதியும் இடத்திலும் இல்லை. நடைபாதை முழுக்க ஜனங்கள், எல்லோரும் பின்னாலிருந்து பார்த்தால் சங்கரபாண்டி மாதிரியே இருந்தார்கள். ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது.

"ஏன் கேட்கலை?" மேடம் நடந்துகொண்டே கேட்டார்.

"பயம் மேடம். நான் கேட்டு அதனாலேயே அவருக்குத் தோணிட்டா..."

"ஜெபசீலி, செத்துப் போயிடலாம்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

யாராவது இப்படியா கேட்பார்கள்? மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டுவிட்டார். ஜெபசீலியின் கால் நின்றுபோனது.

"நிக்காதே. நடந்துகிட்டே சொல்லு."

"ப்ளஸ் டூ படிக்கும்போது. அம்மா செத்துப்போன வருஷம்."

"யார்கிட்ட சொன்னே?"

"யாரும் கேட்கலை மேடம்."

"இப்போ நான் கேட்டேனே, சாகணும்னு தோணுதா?"

"இல்லை."

"பின்னே?"

"அழணும் போல இருக்கு."

"என் ரூமுக்கு வந்து அழு. கூடவே இருக்கேன். இப்போ அவரைத் தேடு."

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே ரோட்டைக் கடக்கும்போது மேடம் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. மேடத்துக்கும் பயமா! அதுவரைகூட ஜெபசீலி கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தாள் என்று சொல்ல வேண்டும். இப்போது உயிரே போய்விட்டது.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில், கூட்டத்தைவிட்டுத் தள்ளி, ஒரு பூட்டிய கடை வாசலில் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது.

"போய்க் கேளு" என்றார் மேடம்.

"நீங்க கேளுங்க மேடம், உங்க காலைப் பிடிக்கிறேன்."

"இனிமே என்ன இருக்குங்கிற மாதிரி ஏதாவது அவர் உன்கிட்ட சொன்னாரா?"

ஜெபசீலி திடுக்கிட்டுத் தலையாட்டினாள்.

"அப்படி ஏதாவது சொல்லாம போறவங்க கம்மி. சொன்னது உன்கிட்ட. நீ போ. நான் உன் பக்கத்துலதான் நிப்பேன்."

போனாள். அவர் அவளைப் பார்த்து, "என்ன தாயி, எதும் விட்டுப்போச்சா?" என்றார்.

"ஒண்ணு கேட்கலை அண்ணாச்சி." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். சங்கரபாண்டி பஸ்ஸையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்ததும் பஸ் கிளம்பிப் போனது.

"ஆமா" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை நாள் பயந்தாள். வந்தேவிட்டது. படித்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"எப்போ அண்ணாச்சி?"

"இன்னைக்குத்தான்."

அவள் அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யார் பார்க்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் தோன்றவில்லை.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை அண்ணாச்சி. ஆனா உங்களைத் தனியா விட மாட்டேன். உள்ளே வாங்க."

அவ்வளவு பெரிய மனுஷன் நடுரோட்டில் பச்சைப் பிள்ளையாய் அழுதார். பிடித்த கையை அவள் விடவில்லை, அவரும் உதறவில்லை. மேடம் மறுபக்கம் வந்து நின்றுகொண்டார். மூன்று பேருமாக ரோட்டைக் கடந்தார்கள்.

உள்ளே டாக்டர் வந்தார். வார்டில் படுக்கை போட்டார்கள். அவர் மனைவி பேச்சியம்மாளுக்குச் சொல்லி அனுப்ப, அந்தம்மா கட்டிய சேலையோடு ஓடிவந்து படுக்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். சங்கரபாண்டி மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்.

ஜெபசீலி மேடத்தின் அறைக்கு வந்து அழுதாள். மேடம் தண்ணீர் கொடுத்தார், கதவைச் சாத்தினார், கூடவே இருந்தார்.

அழுது முடித்தாள். அவளுக்கு இப்போது வேறொரு பயம் வந்திருந்தது.

"மேடம், நான் காலையிலேயே கேட்டிருந்து, அவரும் இல்லைன்னு பொய் சொல்லியிருந்தா? அப்பவும் அவர் போயிருப்பார் இல்லையா? நான் கேட்டும் என்ன பிரயோஜனம்?"

ரஹீமா மேடம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் பொய் சொல்லியிருந்தா, நான் திரும்பக் கேட்பேன். டாக்டர் கேட்பார். அவர் சம்சாரம் கேட்கும். அவர் சொல்ல வேண்டியதை, அவரைக் கேட்காம நீயே 'மறுக்கிறார்'னு சொல்லிட்டா, அப்புறம் அவரை யாரும் கேட்க மாட்டாங்க."