மாதிரிப் படகின் துளை

கேளுங்கள், இன்று ஆறு ஓடும் தடத்தில் அன்று அது ஓடாத காலம். மாவேள் என்றோர் அரசன் ஆண்டான். ஆற்று நடுவே ஒரு தீவு. அதில் நாற்பது குடும்பங்கள். வெள்ளம் வந்தால் அவர்களை ஏற்றிவர நான்கு பெரிய படகுகள் வேண்டும் என்றான் அரசன்.

அரண்மனைக் கூடத்தில் ஒரு முழ நீளமுள்ள சிறு படகு ஒன்று பீடத்தில் நின்றது. அதைச் செய்த தச்சர் இறந்துவிட்டார். அரசன் அதைத் தானே எடுத்து, திருப்பிப் பார்த்து, நான்கு தச்சர்களிடம் கொடுத்தான்.

"இதுதான் மாதிரி. இம்மியும் மாறக் கூடாது."

மாதிரியின் அடியில் ஒரு துளை இருந்தது.

மூன்று தச்சர்கள் அதை அளந்துகொண்டு போனார்கள். நான்காமவள் கொற்றி, கூடம் துடைக்கும் பொன்னியிடம் போனாள்.

"அக்கா, இந்த ஓட்டை எதுக்கு?"

"பீடத்து முளைக்குச்சியில செருகத்தான். இல்லாட்டி காத்துல விழுந்துடும். படகு செய்யுறவ நீ, என்கிட்டயா கேக்குற?"

"வேற யாரும் கேக்கலியா?"

"துடைக்கிறவகிட்ட யாருடி கேப்பா?"

கொற்றி துளையிடவில்லை. மேற்பார்வைக்கு வந்த ஆதன் அவள் படகின் அடியைத் தடவினான்.

"துளை எங்கே?"

"துளை வச்சா தண்ணி வருமே, ஐயா."

"தண்ணீரைப் பற்றி நான் கேட்டேனா? மாதிரியைப் பற்றிக் கேட்டேன்."

அவள் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். மற்ற மூன்றுக்கும் உள்ளே துளை மறையத் தளப்பலகை அடித்து, மாலை போட்டார்கள். விழா நாள்வரை அவற்றைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பது கட்டளை.

விழாவுக்கு முன்பே வெள்ளம் வந்தது. தீவிலிருந்து கூக்குரல் கேட்டது.

முதல் படகை இறக்கினார்கள், மூழ்கியது. இரண்டாவதை இறக்கினார்கள், மூழ்கியது. மூன்றாவதை இறக்கினார்கள், மாலையோடு மூழ்கியது. படகோட்டிகள் நீந்திக் கரையேறினார்கள்.

"நிமித்துங்கப்பா!" என்று கத்தினாள் கொற்றி. கவிழ்ந்து கிடந்த படகு நிமிர்ந்தது. ஒன்பது நடை போய்வந்தது. கடைசி நடையில் ஆடுகள்கூட வந்தன.

கரைக்கு வந்த அரசன் கேட்டான்: "அந்தத் துளையை ஒருவருமா பார்க்கவில்லை?"

"பார்த்தோம், அரசே. மாதிரியில இருக்கே, காரணம் இருக்கும்னு நினைச்சோம்" என்றார்கள் தச்சர்கள்.

"விரலை விட்டே பார்த்தேன்" என்றான் ஆதன்.

அரசன் தன் கையைப் பார்த்தான். மாதிரியைத் திருப்பிய அன்று அவன் விரலும் அந்தத் துளைக்குள் போயிருந்தது.

ஆகவே, மாதிரியில் எது எதற்காக இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே அதைப் பின்பற்ற வேண்டும்.