வெறுங்கை

"பொய் சொல்றவன் யாருன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் தோத்துக்கிட்டே இருக்கேன். ஏன்?"

உட்காருவதற்கு முன்பே கேட்டார் அரங்கநாயகம். கேள்வி மாதிரி இல்லை, அதட்டல் மாதிரி இருந்தது.

டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கேதான் பெனிட்டா போக்கர் சொல்லிக்கொடுத்தாள். காசு வைத்து ஆட விடமாட்டாள். பிளாஸ்டிக் டோக்கன் மட்டும். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்தொன்று.

"யாருகிட்ட தோக்கறீங்க சார்?"

"வெள்ளிங்கிரி. பதினோரு வருஷம் எனக்குக் கீழ ஏட்டா இருந்தவன். நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிப்பான். இப்ப சனிக்கிழமையானா கிளப்புல அத்தனை பேர் முன்னாடியும் என்னைத் துடைச்சுப் போடறான். சிரிக்கக்கூட மாட்டேங்கறான்."

"நீங்க போலீஸா?"

"இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆயிட்டேன். எதிர்ல உக்காந்தவன் கண்ணைப் பார்த்தாலே போதும், மறைக்கிறானா இல்லையான்னு சொல்லிடுவேன்."

பெனிட்டா சீட்டைக் கலைத்தாள். ஆளுக்கு இரண்டு போட்டாள்.

"இன்னிக்கு என்ன சீட்டு வந்தாலும் ஆடாம கீழ வெச்சிருங்க."

"நல்ல சீட்டு வந்தா?"

"அதையும்."

பத்து முறை வைத்தார். பதினோராவது முறை இரண்டு ஆசு வந்தது. கழுத்து நரம்பு புடைக்க, அதையும் கவிழ்த்து வைத்தார்.

"இதுல என்னத்தைக் கத்துக்கிட்டேன் நான்?"

"தெரியலை சார். நாளைக்கு வாங்க."

திட்டிக்கொண்டேதான் படி இறங்கினார். ஆனால் மறுநாள் வந்தார்.

ஒன்பது நாள் வந்தார். எந்தச் சீட்டோடு நிற்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று படித்தார். எதிராளி எப்போது தயங்குகிறான், எப்போது அவசரப்படுகிறான் என்று கவனித்தார். மீதமிருக்கும் சீட்டுகளை மனதுக்குள் எண்ணப் பழகினார். எல்லாம் சீக்கிரமே பிடிபட்டது. அவர் மடையர் இல்லை.

பத்தாம் நாள் அவளோடு ஆடினார். ஒரு மணி நேரத்தில் அவர் பக்கம் ஒரு டோக்கன்கூட மிச்சமில்லை.

சீட்டுகளைச் சுவரில் விசிறியடித்தார்.

"மார்க் வெச்ச கட்டு இது! யாருகிட்ட உன் வேலையைக் காட்டறே?"

பெனிட்டா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிரிக்காத புதுக் கட்டு ஒன்றை எடுத்து வந்தாள். அவர் முன்னால் போட்டாள். டோக்கன்களையெல்லாம் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பிரிங்க. நீங்களே போட்டுக்குங்க. எனக்குச் சீட்டே வேண்டாம்."

தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மட்டும் ரெண்டு எடுங்க. எதிர்ல ஆள் இருக்கறதா நினைச்சு ஆடுங்க."

அவர் எடுத்தார். கிளாவர் ஏழு, டைமன் இரண்டு. ஒன்றுக்கும் உதவாது. ஒரு கை நிறைய டோக்கனை நடுவில் வைத்தார்.

"பந்தயத்தை ஏத்தறேன்!"

"வெறுங்கை," என்றாள் பெனிட்டா, சுவரைப் பார்த்தபடியே.

மறுபடி எடுத்தார். இரண்டு ராஜா.

"ஏத்தறேன்."

"நல்ல சீட்டு. நான் விலகிட்டேன்."

மறுபடி.

"வெறுங்கை."

மறுபடி.

"வெறுங்கை. இந்தத் தடவை ரொம்ப மோசம்."

எட்டு முறை எடுத்தார். எட்டு முறையும் அவள் தவறவில்லை.

நாற்காலி சாய, எழுந்து நின்றார்.

"எப்படி? என் மூஞ்சியைக்கூட நீ பாக்கலையே!"

"மேஜையைத் தட்டறீங்க சார்."

"எப்போ?"

"கையில ஒண்ணும் இல்லாதப்போ."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாள்ல நீ கண்டுபிடிச்சிட்டே."

"முதல் நாளே தெரிஞ்சது. மோசமான சீட்டைக் கவிழ்க்கும்போதெல்லாம் தட்டுனீங்க. அந்த ஏட்டு எத்தனை வருஷம் உங்க பின்னாடி நின்னாருன்னு சொன்னீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

"யோவ் ஏட்டு."

"சொல்லுங்கய்யா." அறை அமைதியாக இருந்ததால் வெள்ளிங்கிரியின் குரல் வெளியிலும் கேட்டது.

"ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வந்தோமே, லேத் பட்டறை சிங்காரம். ஞாபகம் இருக்கா?"



"இருக்குங்கய்யா. சோத்துக்கையை அவனால இன்னும் தோளுக்கு மேல தூக்க முடியலை. போன மாசம்கூடப் பார்த்தேன்."

"விசாரணையப்போ நான் மேஜையைத் தட்டுனேனா?"

"மேஜையைத்தான் முதல்ல தட்டுனீங்கய்யா."

பெனிட்டா நாற்காலியைத் திருப்பினாள்.

அரங்கநாயகத்தின் குரல் உயர்ந்தது. "அவன் மேல நம்மகிட்ட ஒரு சாட்சியும் இல்லை. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்கய்யா."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னியா? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? ஏன்யா சொல்லலை?"

"சொன்னேனுங்க," என்றார் வெள்ளிங்கிரி. முதல் முறையாக அந்தக் குரலில் 'ஐயா' இல்லை. "அதுக்குத்தான் என்னை ஒரு மாசம் வெயில்ல ஸ்டேஷன் வாசல்ல பாராவுக்கு நிறுத்துனீங்க."