விடுவித்த பிறகு தொடாதே

தாட்சாயணி புதிய கணினிமொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கற்க வந்தவர்களில் அருணகிரி, ஆசிரியையைவிடவும் வயதில் மூத்தவர். மொழியின் சுட்டி வகையை வடிவமைக்கும் வேலை அவருக்கு வந்தது.

நினைவகத்தில் ஒரு தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது சுட்டி. தகவல் இனி வேண்டாம் என்று அதன் இடத்தை விடுவித்த பிறகும் சுட்டி அதே இடத்தைத்தான் காட்டும். அதற்குள் அங்கே வேறொரு தகவல் குடியேறியிருக்கலாம். அதனால் அருணகிரி கையேட்டில் ஒரு விதி எழுதினார்: 'விடுவித்த பிறகு தொடாதே.'

சக மாணவி ஜெசிந்தா அந்த மொழியில் ஒரு ரத்த வங்கிக்கு நிரல் எழுதினாள். பெயர், ரத்த வகை, தேதி என்று பைட்டுகளை அளந்து அடுக்கி, கொடையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. ஒருநாள் பி பாசிட்டிவ் ரத்தப் பைக்கு ஓ பாசிட்டிவ் என்று சீட்டு அச்சாகி வந்தது. நோயாளிக்கு ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்த்தபோது தவறைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விடுவித்த இடத்தையே நிரல் மறுபடி தொட்டிருந்தது.

அருணகிரி எல்லார் முன்னாலும் கையேட்டை விரித்தார்.

"இதோ எழுதியிருக்கேனே! படிக்க மாட்டியா? ஒரு உயிர் போயிருக்கும்."

ஜெசிந்தாவின் கண் கலங்கியது. எழுந்து வெளியே போனாள்.

அவள் போனதும் அவர் ஆசிரியையிடம் கேட்டார். "சுட்டி மேல தப்பு இல்லையே டீச்சர்?"

"அதே நிரலை நீங்க ஒருதரம் எழுதிப் பாருங்க சார்."

அருணகிரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மதியத்துக்குள் எழுதி முடித்து ஓட்டினார். பிசகவில்லை. இடையில் சிலரை நீக்கி, புதியவர்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். கொடையாளர் முருகையாவின் சீட்டைக் கேட்டார். புதிதாகச் சேர்த்த லில்லி புஷ்பத்தின் ரத்த வகை வந்து நின்றது.

முதலில் கை போனது திரையை அணைக்கத்தான். பின்னால் ஜெசிந்தா நின்றிருந்தாள்.

"பாத்துட்டியா?"

"ம்." நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் அந்த மாதிரி ஒரு வரியிலதான் சார் போச்சு. வாங்க, தேடுவோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் ஒவ்வொரு வரியாகப் பொறுமையாகப் படித்துக்கொண்டு போகப் போக, அவருக்குக் காது மடல் சுட்டது. நிரலின் ஒரு மூலையில் விடுவித்திருந்தார். இன்னொரு மூலையில், மறந்து, தொட்டிருந்தார்.

எழுந்து ஆசிரியையின் அறைக்குப் போனார்.

"டீச்சர், என் விதியை நானே மீறிட்டேன். மீறினதுகூட எனக்குத் தெரியலை."

தாட்சாயணி வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அந்த விதியை எதுக்கு எழுதினீங்க சார்?"

"அந்த இடத்துல யாராவது கட்டாயம் விழுவாங்கன்னு தெரியும். அதான்..."

"குழி எங்கன்னு தெரிஞ்சிருக்கு," என்றார் தாட்சாயணி. "மூடாம, பக்கத்துல பலகை நட்டிருக்கீங்க."