அருக்காணி ரத்தத்துல ஏறுன கதை

அந்தக் காலத்துல உடம்புக்குள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நரம்பு பேசும், தசை பேசும், ரத்தம் வாய் ஓயாம பேசும்.

செங்கோடன்னு ஒரு பருத்திக்காட்டுக்காரன். அவன் உடம்புல, நரம்பு முடிஞ்சு மூச்சுத்தசை ஆரம்பிக்கற சின்னச் சந்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் குடியிருந்தாங்க. மூத்தவ பாவாயி, இளையவ அருக்காணி. நரம்புல இருந்து சேதிக்காரன் ஓடி வந்து தசையோட கதவைத் தட்டி, "சுருங்கு"ம்பான். தசை சுருங்கும். சரி, அவன் தட்டிக்கிட்டே நின்னா தசை எப்ப ஓயறது? அதனால இவங்க ரெண்டு பேரும் அவன் கையைப் புடிச்சு, ரெண்டு துண்டாப் பிரிச்சு, "போய்ட்டு வா சாமி"ன்னு அனுப்பிருவாங்க. அவனுக்கும் வருத்தமில்ல. நரம்பு மறுபடி ஒட்டவச்சுக்கும்.

அருக்காணிக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளாது. பக்கத்துல ஓடற ரத்தத்தையே பாத்துக்கிட்டிருப்பா.

"அதுல ஏறுனா எங்கெல்லாம் போலாம்க்கா?"

"போய் என்னத்தைக் கிழிக்கப்போற? வேலையைப் பாரு."

அவங்க வழக்கம் என்னன்னா, கையை நீட்டிக்கிட்டு வர்றது யாரா இருந்தாலும் புடிச்சுக்கணும். மொகம் பாக்கறதே இல்ல.

ஒரு நாள் செங்கோடன் காத்துக்கு எதுக்க நின்னு பூச்சிமருந்து அடிச்சான். மருந்து தோல் வழியா எறங்கி, நேரா சந்துக்கு வந்து, சேதிக்காரன் மாதிரியே கையை நீட்டுச்சு. பாவாயியும் வழக்கம்போலப் புடிச்சா. புடிச்ச கையை அது விடவே இல்ல.

"அருக்காணி, கை வரமாட்டேங்குதுடி."

"உதறுக்கா."

"உதறாமயா சொல்றேன்?"

சேதிக்காரங்க குவிஞ்சுட்டாங்க. அருக்காணி ஒருத்தியா எத்தனை பேரைப் பிரிப்பா? மூச்சுத்தசை துடியாத் துடிச்சுது. "புள்ளைங்களா, நான் ஓயலைன்னா இவன் மூச்சு நின்னுரும்"னு கெஞ்சுச்சு.

அதுக்குள்ள வரப்புல கெடந்த செங்கோடனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. வாயில எச்சில், கண்ணுல தண்ணி, பேச்சே இல்ல. தூக்கிட்டு வந்தவங்க வெளிய பேசறது உள்ள கேட்டுச்சு.

"பாம்புதாங்க டாக்டரம்மா."

"பாம்பும் இல்ல பல்லியும் இல்ல, வெயிலுங்க."

பூச்சிமருந்துன்னு யாருக்கும் தெரியலையேன்னு அருக்காணிக்குச் சுருக்குன்னு ஆச்சு. "அக்கா, இந்தச் சந்துக்குள்ள யாராலயும் எட்டிப் பாக்க முடியாது. ரத்தத்தைத்தான் ஊசியில எடுப்பாங்க. நானும் அந்த மருந்துகிட்ட கையைக் குடுத்துட்டு ரத்தத்துல ஏறிக்கறேன். என்னைப் பாத்தா உன் கதி தெரிஞ்சுரும்."

"கிறுக்கி, எறங்குனா திரும்ப வரமுடியாதுடி."

"வராட்டிப் போறேன். அவன் மூச்சு நின்னா நீ மட்டும் இங்க இருந்துருவியா?"

சொல்லிட்டே மருந்துகிட்ட கையை நீட்டுனா. அது கப்புன்னு புடிச்சுது. அப்படியே ஒரு சிவப்பணு மேல தாவிட்டா. அவ தொட்ட ஒவ்வொரு சிவப்பணு மேலயும் அவளை மாதிரியே ஒருத்தி, கை மாட்டுன மேனிக்கே ஒக்காந்துக்கிட்டா.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து, சேதிக்காரன் சாயல்ல இருக்கற ஒரு பொருளை அதுல விட்டாங்க. கை மட்டும் சும்மா இருந்திருந்தா அருக்காணி மாதிரி இருக்கறவ அதைப் பிரிச்சிருப்பா, மஞ்சள் நெறம் வந்திருக்கும். இதுல வரல.

"பாம்பும் இல்ல, வெயிலும் இல்ல. காட்டுல என்ன மருந்து அடிச்சாரு?"

அப்புறம் அவங்க போட்ட ஊசி, பூச்சிமருந்தோட புடியை விரல் விரலா நெகிழ்த்துச்சு. ரத்தத்துல அருக்காணி கையும் விடுபட்டுச்சு. பாவாயி கையை உதறிக்கிட்டு, குவிஞ்சு கெடந்தவங்களைப் பிரிக்க ஆரம்பிச்சா. தசை ஓஞ்சுது. மறுநாள் செங்கோடன் ரசஞ்சோறு கேட்டான்.

"அருக்காணி, வந்துருடி"ன்னு பாவாயி ரத்தத்தைப் பாத்துக் கூப்பிட்டா.

"இப்பத்தான் கல்லீரல் பக்கம் போய்ட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்குக்கா."

பாவாயி சிரிச்சுக்கிட்டே அடுத்த சேதிக்காரன் கையைப் புடிச்சா.

டாக்டருங்க அந்த ரெண்டு பேருக்கும் வச்ச பேரு கோலினெஸ்டரேஸ். ஒருத்தி நரம்போரமும் ஒருத்தி ரத்தத்துலயும் குடியிருக்கறதும், மருந்தடிச்சு மயங்குனவங்களோட ரத்தத்துல தங்கச்சியைத் தேடிப் பாத்து, உள்ள அக்கா எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கறதும் அன்னைக்குத் தொடங்குனதுதான்.